எல்லாரும் பார்க்கலாம்

பெங்களூரில் பீன்யா இரண்டாவது ஸ்டேஜில் ஷெட்டுகள் முடிந்து குடியிருப்பு தொடங்கும் இடத்தில் வீணக்காவின் லைன் வீடுகள் இருக்கின்றன. எதிரும் புதிருமாக இரண்டு வரிசை, நடுவில் ஒரு ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிற அகலத்துக்குச் சிமெண்ட் நடை. நடையின் கடைசியில் தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் மோட்டார். குடியிருப்பவர்கள் பெரும்பாலும் திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, ஆரணிப் பக்கத்துச் சனங்கள். ஆண்கள் பிரஸ் ஷாப், லேத், பிளேட்டிங் என்று பிரிந்து போவார்கள். பெண்களில் பாதிப்பேர் கார்மெண்ட்ஸ். பகல் முழுக்கப் பிரஸ் மெஷின் விழுகிற அதிர்ச்சி தரை வழியாக வந்துகொண்டே இருக்கும். புதிதாகக் குடிவந்தவர்களுக்குத்தான் அது சத்தம். பழகியவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை அது நின்றுபோகும்போதுதான் என்னவோ போலிருக்கும்.

சாந்தகுமாரி கார்மெண்ட்ஸில் சட்டைக்குக் காலர் வைத்துத் தைப்பவள். அவள் கணவன் நாராயணசாமி லைனுக்குப் பின்பக்கத்துச் சாலையில் ஒரு பிளேட்டிங் கம்பெனியில் தொட்டி வேலை பார்த்தான். இரும்புச் சாமான்களைக் கொக்கியில் மாட்டி, ஆசிட், முலாம் என்று ஒவ்வொரு தொட்டியாக முக்கி எடுக்க வேண்டும். கையுறை போட்டாலும் நகக்கண்கள் பழுப்பேறித்தான் இருக்கும். ஒரே மகள் சிந்து, கவர்மெண்ட் ஸ்கூலில் ஐந்தாவது படித்தாள்.

காவேரித் தண்ணீர் வாரத்தில் இரண்டு நாள் கொஞ்ச நேரம் வரும். மற்றதெல்லாம் வீணக்காவின் போர்வெல்தான். மார்கழி பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரில் மஞ்சள் தெரிய ஆரம்பித்தது. வெள்ளைப் பக்கெட்டில் பிடித்தால்தான் தெரியும், சிவப்புப் பக்கெட்டில் தெரியாது. முதலில் பைப்பு துரு என்றார்கள். பிறகு சிந்துவின் வெள்ளை யூனிபார்ம் துவைக்கத் துவைக்க எலுமிச்சை நிறத்துக்குப் போயிற்று. எதிர்வீட்டுக் கோமளத்தின் கைக்குழந்தைக்குத் தொடையிடுக்கிலும் கழுத்து மடிப்பிலும் தோல் உரிந்தது. கோமளம் களிம்பு வாங்கித் தடவினாள், மந்திரித்துவிட வைத்தாள், மறுபடியும் களிம்பு தடவினாள். குழந்தை குளிக்கும்போது வீறிடுவது லைன் முழுக்கக் கேட்கும்.

அந்த மாதம் வார்டு ஆபீசில் பெண்களைக் கூப்பிட்டுக் கூட்டம் நடத்தினார்கள். வித்யாலட்சுமி என்ற பெண் பேசினாள். ஏதோ சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, லீவு நாளில் இந்த மாதிரி வேலை. அரசாங்கம் இப்போது எல்லாக் கணக்கையும் வெப்சைட்டில் போட்டுவிட்டது, ரோடு, குப்பை, தெருவிளக்கு, தண்ணீர், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், யாரும் எதையும் மறைக்க முடியாது என்று சொல்லி, போனில் ஒரு வரைபடத்தைத் திறந்து காட்டினாள். நல்ல தண்ணீர் இருக்கிற இடத்தில் பச்சைப் புள்ளி, கெட்ட இடத்தில் சிவப்பு. சாந்தகுமாரி தன் லைனைத் தேடினாள். பச்சையாக இருந்தது. தன் வீட்டுப் பக்கெட்டைப் பற்றிச் சொன்னாள். அப்படியென்றால் புகார் போடுங்கள் அக்கா, அதுவும் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வரும், பதில் சொல்லியே ஆக வேண்டும் என்றாள் வித்யாலட்சுமி.

சாந்தகுமாரி அன்றைக்கே போட்டாள். பக்கெட்டைப் போட்டோ எடுத்து, கோமளத்தின் குழந்தையின் கழுத்தையும் எடுத்து, பக்கத்தில் எந்தக் கம்பெனியிலிருந்தோ தண்ணீர் பூமிக்குள் போகிறது என்று சந்தேகம், வந்து பாருங்கள் என்று தமிழிலேயே எழுதினாள். சமர்ப்பிக்கப்பட்டது என்று வந்ததும் அவளுக்கு ஒரு நிமிர்வு வந்தது. கார்மெண்ட்ஸில் பீஸ் குறைந்தால் சூப்பர்வைசரிடம் தலைகுனிந்து நிற்கிறவள், அரசாங்கத்தை ஒரு கேள்வி கேட்டுவிட்டாள்.

மாலையில் நடையில் உட்கார்ந்து அவளும் கோமளமும் அவரைக்கொட்டை பிதுக்கினார்கள். ஊறிய கொட்டையை இரண்டு விரலில் அழுத்தினால் தோலைவிட்டுப் பருப்பு வழுக்கிக்கொண்டு வரும். குளிரில் விரல் விறைத்துப்போகும், ஆனாலும் அந்தப் பருவத்தில் பிதுக்குப் பருப்புக் குழம்பு வைக்காத வீடு லைனில் கிடையாது. கோமளத்துக்கு விஷயத்தைச் சொன்னதும், இனிமேல் வந்து பார்ப்பார்கள் அல்லவா அக்கா என்று இரண்டு தரம் கேட்டாள்.

களியும் குழம்பும் போட்டு நாராயணசாமி முன் வைத்தபோது சாந்தகுமாரி அவனிடமும் சொன்னாள். உருண்டையில் குழி வைத்துக்கொண்டிருந்த அவன் கை நின்றது.

"உன் பேரப் போட்டியா?"

"பேரு, நம்பர், அட்ரஸ் எல்லாம் கேட்டாங்க மாமா. போடாம எப்படி?"

அவன் எழுந்துவிட்டான். பாதிக் களியை அப்படியே வைத்துவிட்டுக் கையைக் கழுவினான். கம்பெனிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், வேலை போய்விடும் என்று பயப்படுகிறான் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து முதல் போன் வந்தது. தெரியாத நம்பர். ஒரு ஆண் குரல், அவள் எழுதிய புகாரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நிதானமாக வாசித்தது. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் வாசிப்பு. முடித்ததும், நீதானே இது என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான். அவள் உடனே வெப்சைட்டைத் திறந்து பார்த்தாள். அவள் புகார் அங்கே இருந்தது. மேலே அவள் பெயர், லைன் வீட்டு எண், போன் நம்பர், கீழே கோமளத்தின் குழந்தையின் கழுத்து. உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

வித்யாலட்சுமிக்குப் போன் போட்டாள். அந்தப் பெண் உடனே வெப்சைட்டைத் திறந்து பார்த்தாள். பெயரும் நம்பரும் வந்திருக்கவே கூடாது அக்கா, எல்லாவற்றையும் அப்படியே அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள், நான் எழுதிக் கேட்கிறேன் என்றாள். அவள் குரலிலும் பயம் இருந்தது சாந்தகுமாரிக்குத் தெரிந்தது. எழுதினாளோ என்னவோ, பெயர் போகவில்லை.

அதற்குப் பிறகு போன் எப்போது வேண்டுமானாலும் வந்தது. சில நேரம் யாரும் பேசமாட்டார்கள், பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும். கார்மெண்ட்ஸில் போனை வெளியே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். முன்பெல்லாம் அது அவளுக்கு எரிச்சலாக இருக்கும். இப்போது அந்த எட்டு மணி நேரம்தான் நிம்மதி. ஒருநாள் லைன் முனையில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவன் பைக்கில் உட்கார்ந்திருந்தான். அவள் உள்ளே போகும்வரை பார்த்தான். மறுநாள் சிந்து ஸ்கூலிலிருந்து வந்து, கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாமா நீ சாந்தகுமாரி மகளா என்று கேட்டார், நான் ஆமா என்றேன் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு விளையாடப் போனாள். சாந்தகுமாரி பின்னாலேயே போய் அவளை உள்ளே இழுத்து வந்தாள். அன்றிலிருந்து மகளைத் தனியாக அனுப்பவில்லை. அதற்காகக் கார்மெண்ட்ஸுக்கு லேட்டாகப் போய்த் திட்டு வாங்கினாள்.

வீணக்கா வந்தாள். வாடகைக்கு வராத நேரத்தில் அவள் லைனுக்கு வருவதில்லை. கன்னடமும் தமிழுமாகத்தான் பேசுவாள். இத்தனை வருஷம் உங்களால் எனக்கு ஒரு ரகளை உண்டா, இப்போது என் போர்வெல் என் வீடு எல்லாம் கம்ப்யூட்டரில் நாறுகிறது, என்று முறையிட்டாள். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பேடா சாந்தா, வேணாம். அவங்க கெட்டவங்க. நானும் ஒண்டிப் பொம்பளை. வேற வீடு பாத்துக்கோ," என்றாள். அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. அவளும் பயந்துபோயிருந்தாள்.

நாராயணசாமி தூங்குவதில்லை. புரண்டுகொண்டே இருப்பான். புகாரை வாபஸ் வாங்கிவிடு என்று ஒரு தடவை மெதுவாகவும், ஒரு தடவை கத்தியும் சொன்னான். அவள் மறுத்தாள். அதிகாரிகள் வந்து பார்க்கப்போகிறார்கள், தேதியே வெப்சைட்டில் போட்டிருக்கிறது, வியாழக்கிழமை வருகிறார்கள், அதுவரைக்கும் பொறுத்துக்கொள் மாமா என்றாள். அவன் ஒரு மாதிரி சிரித்தான். அந்தத் தேதி எல்லாருக்கும் தெரியும் என்றான்.

வியாழக்கிழமை அவள் லீவு போட்டாள். காலையிலேயே ஒரு டேங்கர் வந்து தொட்டியை நிரப்பிவிட்டுப் போனது. யார் சொன்னது என்று கேட்டதற்கு வீணக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூடுபனி விலகினபிறகு இரண்டு அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். தொட்டிக் குழாயைத் திறந்து பாட்டிலில் பிடித்தார்கள். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. இது டேங்கர் தண்ணீர் சார், போர்வெல்லைப் போட்டுப் பிடியுங்கள் என்று சாந்தகுமாரி சொன்னாள். மோட்டார் ரிப்பேர் என்றாள் வீணக்கா. அதிகாரி போட்டோ எடுத்துக்கொண்டார். கோமளம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினாள். அவர் குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டு, டாக்டரிடம் காட்டம்மா என்று சொன்னார்.

மறுநாள் வெப்சைட்டில் 'தீர்க்கப்பட்டது' என்று வந்தது. அதற்குக் கீழே, புகார் செய்தவர் உறுதி செய்ய வேண்டும், அவர் போனுக்கு வரும் எண்ணைக் கொடுத்தால் புகார் மூடப்படும், இல்லாவிட்டால் மேலதிகாரிக்குப் போகும் என்றிருந்தது. சாந்தகுமாரி அதைத் தொடவில்லை. மேலதிகாரிக்குப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் ராகேஷ் வந்தான். பிளேட்டிங் கம்பெனி முதலாளியின் மகன். முப்பது வயதுகூட ஆகாது, வெள்ளை ஷூ, தொழிலாளிகளிடம் பழகிக் கற்றுக்கொண்ட தமிழ். அவனுக்குப் பின்னால் நாராயணசாமி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். ராகேஷ் ஷூவை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். சிந்துவிடம் என்ன படிக்கிறாய் என்று விசாரித்தான். அவளை வெளியே போய் விளையாடச் சொன்னதும் அவன்தான்.

"சாந்தாக்கா, நீங்க போட்ட கம்ப்ளெயிண்ட் நல்ல கம்ப்ளெயிண்ட். நான் தப்பு சொல்லல. எல்லாம் ஓப்பனா இருக்கணும், நானும் அதான் சொல்றேன். ஓப்பனா இருக்கறதால தான நானும் பாத்தேன்."

சாந்தகுமாரி சுவரோரம் நின்றாள்.

"மேல போனா என்னாகும்னு மட்டும் யோசிங்க. எங்க ஷெட் பின்னால ஒரு காஞ்ச போர் இருந்துது. இப்ப இல்ல, சிமெண்ட் போட்டு மூடிட்டோம். அதுல தொட்டித் தண்ணி போச்சான்னு கேப்பாங்க. யார் வுட்டதுன்னு கேப்பாங்க. எங்க கேமராவுல நான் இல்ல, அப்பா இல்ல. ஹோஸ் புடிச்சிட்டு நிக்கறது உங்க நாராயணசாமிதான்."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இல்லை என்று சொல்வான் என்று காத்திருந்தாள். பிரஸ் மெஷின் விழுந்துகொண்டே இருந்தது. அவன் சொல்லவில்லை.

அப்போதுதான் ஒவ்வொன்றாக அவளுக்குக் கூடி வந்தது. மஞ்சள் தெரிந்த முதல் நாளிலிருந்தே அவன் தோளில் தூக்கி வருகிற கேன் தண்ணீர், சிந்து பல் விளக்கக்கூட அதைத்தான் தரவேண்டும் என்று போட்ட சண்டை, ருசிக்காகக் காசைக் கரியாக்குகிறான் என்று அவள் அலுத்துக்கொண்டது. தன் பிள்ளைக்கு அவன் கேன் வாங்கினான். எதிர்வீட்டில் ஒரு கைக்குழந்தை கத்திக்கொண்டிருந்தது அவன் காதிலும்தான் விழுந்தது.

ராகேஷ் தன் போனில் அவள் புகாரைத் திறந்து ஏதோ அழுத்தினான். அவள் போன் சிணுங்கியது. புகாரை மூடுகிற எண், ஆறு இலக்கம். அவன் கையை நீட்டவில்லை, கேட்கக்கூட இல்லை. பொறுமையாக உட்கார்ந்திருந்தான்.

"சொல்லிடு சாந்தா," என்றான் நாராயணசாமி.

அவள் சொன்னாள். ஒவ்வொரு எண்ணாக. ராகேஷ் நன்றி சொல்லி எழுந்து, ஷூவைப் போட்டுக்கொண்டு, கிளம்பும்போது கதவைச் சாத்திவிட்டுப் போனான்.

நாராயணசாமியே ஆரம்பித்தான். முன்பெல்லாம் அழுக்குத் தண்ணீரை லாரியில் ஏற்றிச் சுத்தம் செய்கிற இடத்துக்கு அனுப்புவார்களாம். ராகேஷின் அப்பா, பெரியவர், அதை நிறுத்திவிட்டார். ஷிப்ட் முடிந்ததும் ஹோஸைப் போருக்குள் விடு என்று இவனிடம் சொன்னார். முதல் நாள் இவன் முடியாது என்றிருக்கிறான். அப்படியென்றால் கேட் பக்கம் போய்ப் பார், உன் வேலைக்குப் பீகாரிப் பையன்கள் நிற்கிறார்கள் என்றார்.

"பூமிக்குள்ள போயி எங்கியோ போயிடும்னு நெனச்சேன். நம்ம தொட்டிக்கே வரும்னு நெனக்கல."

"வந்தப்புறம் தெரிஞ்சுதில்ல?"

"தெரிஞ்சுது."

"அப்பவும் புடிச்ச."

அவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். போலீஸ் பிடித்தால் அவர்களுக்கு வக்கீல் வருவான், எனக்கு யார் வருவார்கள், சிந்துவை என்ன செய்வது என்று கைக்குள்ளேயே பேசினான். சாந்தகுமாரிக்குக் கோபம் வரவில்லை. அதைவிடப் பெரிதாக ஒரு பயம் வந்தது. இத்தனை நாள் பைக்கில் வந்தவனுக்கும் தெரியாத நம்பருக்கும் கதவைச் சாத்தினாள். பயப்பட வேண்டியது உள்ளே, தன் பக்கத்தில் படுத்திருந்தது.

அடுத்து வந்த நாட்களில் போன் வரவில்லை. பைக்கும் இல்லை. வீணக்கா வீடு காலி செய்வதைப் பற்றிப் பேசவில்லை. மோட்டார் சரியாகிவிட்டது. ஷெட்டுக்குப் பின்னால் காய்ந்த போரில் ஊற்றுவதை நிறுத்திவிட்டார்கள், ஆனால் போன தண்ணீர் எங்கே போகும், மஞ்சள் அப்படியேதான் இருந்தது. அந்த அமைதி சாந்தகுமாரியை இன்னும் வாட்டியது. சோறு இறங்கவில்லை. கார்மெண்ட்ஸில் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்துப் பிரித்தாள்.

ஒரு காலையில் அவள் குழாயடிக்குப் போனபோது கோமளம் குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். இடுப்பில் குழந்தை. கோமளத்தின் முகம் பல நாளுக்குப் பிறகு தெளிவாக இருந்தது.

"அக்கா, நேத்து நானும் போன்ல பாத்தேன். தண்ணி நல்லா இருக்குதுன்னு போட்டுட்டாங்க. நீங்களே பாத்துட்டு திருப்தின்னு சொல்லிட்டீங்களாமே. கவர்மெண்ட் சொன்னாக்கூட நான் நம்பமாட்டேன், நீங்க சொல்லிட்டீங்கன்னு தான் எங்க ஊட்டுக்காரரு இவளுக்கு வாங்கிட்டிருந்த கேனை நிறுத்திட்டாரு. ரெண்டு நாளா இதையே காய்ச்சி இவளுக்குக் குடுக்கறேன்."

குழந்தை சாந்தகுமாரியைப் பார்த்துச் சிரித்தது. கழுத்து மடிப்பில் தோல் சிவந்து ஈரமாக இருந்தது.

சாந்தகுமாரி தன் குடத்தைக் கீழே வைத்தாள். சுற்றிலும் நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். தன் வீட்டு வாசலில் நாராயணசாமி பல்விளக்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது. இப்போது பேசினால் என்னவெல்லாம் போகும் என்று அவளுக்குத் தெரியும். கோமளம் குனிந்து குடத்தைத் தூக்கப் போனாள்.

"குடுக்காத கோமளம். அது பொய்யி. நான் பாக்கவே இல்ல, பயந்துகிட்டு நம்பரச் சொல்லிட்டேன். இதுல ஆசிட் தண்ணி கலந்திருக்குது."

எப்படித் தெரியும் அக்கா என்று கோமளம் கேட்டாள். சாந்தகுமாரியால் அதற்கு மேல் முடியவில்லை. நாராயணசாமி பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடியே நடை வழியாக வந்தான். வாயைத் துடைத்துக்கொண்டான்.

"நான்தாம்மா ஊத்தினேன்," என்றான்.

யாரும் கத்தவில்லை. கோமளம் அவன் பக்கம் திரும்பினாள். என் குழந்தை அழுவறது உனக்குக் கேக்கலியா அண்ணா என்று மட்டும் கேட்டாள். பிறகு குடத்தைக் காலால் சாய்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் குடத்தைக் கவிழ்த்தார்கள். நடை முழுக்க ஈரம் ஓடியது. சத்தம் கேட்டு வந்த கோமளத்தின் கணவன் ரவி நாராயணசாமியின் சட்டையைப் பிடித்தான். அடிக்க ஓங்கினான். இவன் தடுக்காமல் நின்றதைப் பார்த்துவிட்டோ என்னவோ, தள்ளிவிட்டுப் போய்விட்டான். வீணக்கா வந்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டுச் சுவரோரமாகச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்துபோய் மோட்டாரின் பியூஸைப் பிடுங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அன்றைக்கு அவர்கள் இருவரும் வேலைக்குப் போகவில்லை. சிந்துவை ஓசூரில் இருந்த சாந்தகுமாரியின் தங்கை வீட்டுக்குப் பஸ் ஏற்றிக் கொண்டுபோய் விட்டார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் பக்கத்து சீட்டில் யார் உட்கார்ந்தாலும் நாராயணசாமி உடம்பைக் குறுக்கினான். சில்க் போர்டில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். அங்கே அவன் நின்றுவிட்டான். ஊருக்கே போய்விடலாமா சாந்தா என்றான். அவளுக்கும் அதுதான் தோன்றிக்கொண்டிருந்தது. ஆனால் போனாலும் அந்தக் கேமராவில் அவன் நின்றுகொண்டேதான் இருப்பான். அவள் அவன் முழங்கையைப் பிடித்துப் பஸ்ஸில் ஏற்றினாள்.

வார்டு ஆபீசில் மதியச் சாப்பாடு முடிந்து கவுண்டரைத் திறந்திருந்தார்கள். கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு கன்னடப் பெண். மூடின புகாரைத் திரும்பத் திறக்க முடியாது, புதிதாகத்தான் போட வேண்டும் என்றாள். புகார் செய்பவர் பெயர் கேட்டாள். சாந்தகுமாரி சொன்னாள். விலாசமும் நம்பரும் சொன்னாள். இது வெப்சைட்டில் வரும், எல்லாரும் பார்க்கலாம், தெரியும்தானே என்று அந்தப் பெண் வழக்கமாகச் சொல்கிற மாதிரி சொன்னாள். தெரியும் என்றாள் சாந்தகுமாரி.

யார் மேல் புகார்? கம்பெனி பெயரைச் சொன்னாள். அந்தப் பெண் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் நாராயணசாமி கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தான்.

"ஹோஸ் புடிச்ச ஆளு பேரும் போடணும் மேடம். நாராயணசாமி."

அவர் விலாசம் தெரியுமா என்று அந்தப் பெண் கேட்டாள்.

சாந்தகுமாரி சொன்னாள். பாதி விலாசத்தில் அந்தப் பெண்ணின் விரல்கள் நின்றன. திரையை மேலே ஏற்றிப் புகார் செய்தவரின் விலாசத்தைப் பார்த்தாள், மறுபடி கீழே பார்த்தாள். பிறகு கம்பிக்கு வெளியே நின்ற இருவரையும் பார்த்தாள். நாராயணசாமி கம்பியை விடவில்லை.

"போடுங்க மேடம்," என்றாள் சாந்தகுமாரி. "அதே வீடுதான்."